துளியுரு முகாம்வண்டியின் அடிப்புறக் காப்பு

கண்ணுக்குப் புலனாகும் பகுதியை அணிசெய்து, புலனாகாத பகுதியை மறந்துவிடுதல் மக்கள் இயல்பு. வீட்டின் முகப்புக்கு ஆண்டுதோறும் வெள்ளையடிப்போர், கூரைமரத்தை ஏறிப் பார்ப்பது அரிது. ஊர்திகளின் நிலையும் அதுவே. மேற்புறத்தில் சிறு கீறல் விழினும் வருந்துகின்ற உரிமையாளர், அடிப்புறத்தைக் குனிந்து நோக்குவது பெரும்பாலும் ஏதேனும் ஒன்று முறிந்த பின்னரேயாகும். இப்புறக்கணிப்பால் விளையும் கேட்டினை, கரடுமுரடான வழிகளில் இழுத்துச் செல்லப்படும் சிறு முகாம்வண்டிகளில் தெளிவாகக் காணலாம். அவற்றின் அடிப்புறம் எவற்றாற் கெடுகின்றது, அதனைக் காக்கும் வழிகள் யாவை, காப்பென்று கருதிச் செய்வனவே சிலபோது கேடாய் முடிவது ஏன் என்பவற்றை ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வண்டியின் அமைப்பு

ஈண்டு எடுத்துக்கொண்ட வண்டி தனக்கெனப் பொறி இல்லாதது. மோட்டார்க் காரின் பின்னே கொளுவி இழுத்துச் செல்லப்படுவது. 1930-களில் ஐக்கிய அமெரிக்காவிலே தோன்றியது. பக்கவாட்டில் நோக்குமிடத்து முன்புறம் உருண்டும் பின்புறம் சரிந்தும், நீர்த்துளி ஒன்றைக் கிடையாக வைத்தாற் போலத் தோன்றுதலின் துளியுரு வண்டி எனப் பெயர் பெற்றது. உள்ளே இருவர் படுத்துறங்க இடமுண்டு. நிமிர்ந்து நிற்க இடமில்லை. பின்புறத்து மூடியை உயர்த்தினால் சிறு சமையற்கூடு காணப்படும். பலர் இதனைத் தம் வீட்டிலேயே செய்துகொண்டனர். அவர்கட்கு உதவும் வரைபடங்களை அந்நாட்டுத் தொழில்நுட்பச் சஞ்சிகைகள் வெளியிட்டன. 1947-ஆம் ஆண்டில் 'மெக்கானிக்ஸ் இலஸ்ட்ரேட்டட்' வெளியிட்ட வரைபடம் அவற்றுள் ஒன்று.

இவ்வண்டியின் தளமும் சுவர்களும் ஒட்டுப்பலகையால் ஆனவை. மெல்லிய மரத்தாள்களை, இழைகள் ஒன்றுக்கொன்று குறுக்காக அமையுமாறு அடுக்கிப் பசையால் ஒட்டிய பலகையே ஒட்டுப்பலகை. முற்காலத்துப் பசைகள் ஈரத்திற் பிரிந்தன. 1934-இல் வாஷிங்டன் மாநிலத்து அபர்டீன் நகரில், ஜேம்ஸ் நெவின் என்னும் இரசாயனர் நீருக்கு நெகிழாத பசை ஒன்றை ஆக்கினார். அதன் பின்னரே ஒட்டுப்பலகை வெயிலிலும் மழையிலும் நிற்கத்தக்க பொருளாயிற்று. 4 அடி அகலமும் 8 அடி நீளமும் உடைய பலகைகளாக அது விற்கப்பட்டமையால், பல வண்டிகளின் தளமும் அவ்வளவினதாகவே அமைந்தது. ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. நீரைத் தாங்குவது பசையே. பசைக்கு இடையிலுள்ள மரம் எந்த மரத்தையும் போல நீரை உண்ணும், உளுக்கும்.

பிற்காலத்தில் இவ்வண்டியைத் தார்ச்சாலையை விட்டு மலைவழிகளிலும் பாலைவழிகளிலும் கொண்டுசெல்ல மக்கள் விரும்பினர். அதன் பொருட்டுப் பெரிய சில்லுகளும், உயர்ந்த அச்சும், வலிய உருக்குச் சட்டகமும் அமைக்கப்பட்டன. சட்டகத்தின் கீழே அச்சும் வில்லும் பிரேக்குக் கம்பிகளும் விளக்குக் கம்பிகளும் உள. சில வண்டிகளில் நீர்த்தொட்டியும் அதன் குழாய்களும் வெளிப்பட்டு நிற்கும். பயணத்துக்கு இன்றியமையாத உறுப்புக்களுட் பெரும்பாலானவை இங்ஙனம் நிலத்துக்கு மிக அண்மையில், கண்ணுக்கு மறைவில் இருக்கின்றன.

இரு வழிகள்

இவ்வடிப்புறம் படும் பாட்டை அறிதற்கு உலகின் இரு வழிகளை நோக்குவோம்.

முதலாவது, கனடாவின் வடமேற்கிலுள்ள டெம்ப்ஸ்டர் நெடுஞ்சாலை. 1979-இல் திறக்கப்பட்ட இது, டோசன் நகருக்குக் கிழக்கே ஏறத்தாழ 40 கிலோமீற்றரில் தொடங்கி, வடமுனை வட்டத்தைக் கடந்து, இனுவிக் வரை 730 கிலோமீற்றருக்கும் மேல் நீளுகின்றது. மேற்பரப்புச் சரளைக்கல். அதனடியில் என்றும் உறைந்திருக்கும் நிலம் உருகிவிடாதிருக்கும் பொருட்டுச் சாலை முழுவதும் தடித்த சரளைப் படுக்கையின்மேல் இடப்பட்டுள்ளது. தென்முனையிலிருந்து ஈகிள் பிளெயின்ஸ் என்னும் இடம்வரை, ஏறத்தாழ 370 கிலோமீற்றருக்கு எரிபொருளோ திருத்தகமோ இல்லை. புழுதியை அடக்குவதற்குச் சாலையிற் கல்சியம் குளோரைட்டு இடுவர். அவ்வுப்பு காற்றிலுள்ள ஈரத்தைத் தானே ஈர்த்துக்கொள்ளும். அதனால் மண் எப்பொழுதும் நனைந்திருக்கும். சாலைக்கு நன்மை செய்யும் அக்குணமே வண்டிக்குப் பகையாகின்றது. அடிப்புறத்தில் அப்பிய சேறு சீமெந்து போல இறுகுவதோடு, மழை ஓய்ந்த பின்னரும் காற்றிலிருந்து ஈரத்தை வாங்கி இரும்பை நனைத்துக்கொண்டேயிருக்கும்.

இரண்டாவது, மேற்கு அவுஸ்திரேலியாவின் கிம்பர்லிப் பகுதியிலுள்ள கிப் ஆற்றுச் சாலை. ஏறத்தாழ 660 கிலோமீற்றர் நீளமுள்ள இது, மாட்டுப்பண்ணைகளிலிருந்து துறைமுகங்களுக்குக் கால்நடைகளைக் கொண்டுசெல்லும் பொருட்டு அமைக்கப்பட்டது. மாரியில் மூடப்படும், கோடையிற் பயணிகள் செல்வர். ஊர்திகளின் சில்லுகள் ஓடி ஓடிச் சாலையின் குறுக்கே சிற்றலைகள் போன்ற வரிமேடுகள் எழும்பியிருக்கும். அவற்றின்மேல் மணிக்கணக்காக ஓடும் வண்டியில் முடுக்கிய ஆணிகள் தளரும். ஒட்டிய மூட்டுகள் வெடிக்கும். இடையிடையே ஆறுகளையும் இறங்கிக் கடத்தல் வேண்டும். பென்ரிகோஸ்ட் ஆற்றில் முதலைகள் உண்மையின், ஆழத்தையறிய முன்னே நடந்து பார்த்தலும் இயலாது.

முதல் வழியிற் கல்லும் உப்பும். இரண்டாம் வழியில் அதிர்வும் வெள்ளமும். இந்நான்கையும் தாங்குமாறு அடிப்புறம் அமைதல் வேண்டும்.

தலையாய பகை

அடிப்புறக் காப்பு என்றவுடன் பலர் நினைவுக்கு வருவது கல்லின் தாக்குதலே. ஆதலின், தடித்த தகட்டினால் அடிப்புறம் முழுவதையும் மூடிவிடுதலே சிறந்த காப்பு எனக் கருதுவர். இக்கருத்துப் பொருந்துவதன்று. சில்லுகள் எறியும் கல் பெரும்பாலும் சட்டகத்தை முறிப்பதில்லை. அதன் பூச்சைச் சிறிது பெயர்க்கும், பலகையிற் சிறு வடுவை உண்டாக்கும். அவ்வடுவின் வழியே நீர் புகும். புகுந்த நீர் வெளியேற வழியிருப்பின் உலர்ந்துபோகும். வழியில்லையாயின் அங்கேயே தங்கித் தன் வேலையைச் செய்யும். கல்லின் அடி செவிக்குக் கேட்கும்; நீரின் வேலைக்கு ஓசையில்லை. சில ஆண்டுகளின் பின், மனித நடமாட்டமற்ற ஓரிடத்தில், வில்லைத் தாங்கிய கொளுவி சட்டகத்திலிருந்து பிரியும்பொழுதே அது வெளிப்படும். ஆகவே, நீரைப் புகாது தடுத்தல் எத்துணை வேண்டியதோ, புகுந்த நீரை வெளியேற விடுதலும் அத்துணை வேண்டியதாம். இவ்வுண்மையை இரும்பிலும் மரத்திலும் தனித்தனியே காண்போம்.

இரும்பு கெடும் முறை

இரும்பு துருப்பிடித்தற்கு நீரும் ஒட்சிசனும் ஒருங்கே வேண்டும். ஓரிடத்தில் இரும்பு அயன்களாகிக் கரைய, அங்கே விடுபட்ட இலத்திரன்களைப் பிறிதோரிடத்தில் ஒட்சிசன் ஏற்றுக்கொள்கின்றது. உப்புக் கரைந்த நீர் மின்னை எளிதிற் கடத்துதலின் இந்நிகழ்ச்சி விரைவுபெறும். ஒட்சிசன் மிகுந்த இடமே மிகுதியாகக் கெடும் என்று நாம் எண்ணலாம். கேம்பிரிட்ஜ்ப் பல்கலைக்கழகத்தில் யூ. ஆர். எவன்ஸ் என்னும் அறிஞர் 1920-களில் நடத்திய சோதனைகள் இதற்கு மாறானதைக் காட்டின. இரும்புத் தகட்டின்மேல் உப்புநீர்த் துளி ஒன்றை இட்டால், காற்று எளிதிற் சேரும் விளிம்பு கெடாது நிற்கின்றது. காற்றுக் குறைந்த நடுப்பகுதியே அரிக்கப்படுகின்றது. அஃதாவது, ஒட்சிசன் மிகுந்த பகுதி தன்னைக் காத்துக்கொண்டு, குறைந்த பகுதியைக் கரையச் செய்கின்றது.

இதன் பயனை வண்டியின் அடியிற் காணலாம். திறந்து கிடக்கும் உருக்குச் சட்டத்தின் மேற்பரப்பிற் படரும் துரு அருவருப்பாகத் தோன்றினும் பெரும்பாலும் மேலோட்டமானது. சேறு அப்பிய மூலை, இரு தகடுகள் பொருந்தும் இடுக்கு, பலகையும் உருக்கும் ஒட்டியிருக்கும் இடம், உரிந்தும் உரியாமலும் தொங்கும் பூச்சின் உட்புறம் ஆகியனவே ஆழமாக அரிக்கப்படுவன. மூடப்பட்ட இடம் பாதுகாப்பான இடம் என்னும் எண்ணம் இங்கே பிழைபடுகின்றது.

உருக்கைக் காக்கும் முறைகளுள் காலத்தால் நிலைபெற்றது நாகப்பூச்சு. இதன் கருத்தை முதலில் வெளியிட்டவர் ஹம்ப்ரி டேவி. கப்பல்களின் அடிப்புறத்துச் செப்புத் தகடுகள் கடல்நீரால் அரிக்கப்படுவதைத் தடுக்க, 1824-இல், நாகம் அல்லது இரும்புத் துண்டுகளைச் செப்போடு இணைக்கலாம் என அவர் காட்டினார். துண்டுகள் கரைந்தன, செப்புக் கெடவில்லை. ஆயின், எதிர்பாராத விளைவு ஒன்று நேர்ந்தது. கரையும் செப்பின் நஞ்சே கடற்பாசியையும் சிப்பியையும் அணுகாது தடுத்துவந்தது. செப்புக் கரையாதொழியவே அவை கப்பலின் அடியில் அடர்ந்து பற்றி அதன் வேகத்தைக் குறைத்தன. ஒன்றைக் காக்குமிடத்துப் பிறிதொன்று கெடலாம் என்பதற்கு இது சிறந்த சான்றாகும்.

1837-இல் பிரான்சு நாட்டுச் சொரெல் என்பவர் இரும்பை உருகிய நாகத்தில் தோய்க்கும் முறைக்கு உரிமை பெற்றார். இன்று சட்டகம் முழுவதையும் ஒட்டி முடித்தபின், ஏறத்தாழ 450 பாகை செல்சியசு வெப்பமுள்ள நாகத்தில் அமிழ்த்தி எடுப்பர். கல் பட்டுப் பூச்சுப் பெயர்ந்தாலும் அருகிலுள்ள நாகம் முதலிற் கரைந்து, அச்சிறு வடுவிலுள்ள உருக்கைக் காக்கும். பெட்டிக்குழாய்களாலான சட்டகமாயின் தோய்ப்பதன் முன் அவற்றில் துளைகள் இடுதல் வேண்டும். இல்லையேல் உள்ளே அடைபட்ட ஈரம் ஆவியாகிக் குழாயை வெடிக்கச் செய்யும். தோய்த்தற்கு இட்ட அத்துளைகளே பின்னர் நீர்வடியும் வழிகளாகவும் பயன்படும். அவற்றை அழகின் பொருட்டு அடைத்துவிடுவோர் தம் காப்பைத் தாமே அழிப்பவராவர்.

நாகமும் காற்றை வேண்டி நிற்பதே. திறந்த வெளியில் நனைந்தும் உலர்ந்தும் வருமிடத்து, காற்றிலுள்ள காபனீரொட்சைட்டோடு கூடி அதன்மேல் உறுதியான படலம் ஒன்று உண்டாகும். காற்றுப் புகாத ஈரத்திற் கிடப்பின் அப்படலம் தோன்றாது. நாகம் வெண்பொடியாகி உதிரும்.

மரம் கெடும் முறை

மரத்தைச் சிதைப்பது நீரன்று. நீரைப் பற்றி வாழும் பங்கசுக்களே. மரத்தின் ஈரம் அதன் உலர்நிறையில் 20 வீதத்துக்குக் குறைவாக இருக்குமாயின் அவை வளரமாட்டா. ஏறத்தாழ 30 வீதத்தை அடையும்பொழுது நன்கு வளரும். எனவே பலகை ஒருமுறை நனைதல் குற்றமன்று. நனைந்தபடியே இருத்தல்தான் குற்றம்.

ஒட்டுப்பலகையின் முகத்தைவிட விளிம்பு பன்மடங்கு விரைவாக நீரை உறிஞ்சும். ஏனெனில் மரத்தின் குழாய்கள் அங்கேதான் வாய்திறந்து நிற்கின்றன. ஆணிக்காகத் துளைத்த ஒவ்வொரு துளையும் அத்தகையதொரு விளிம்பே. ஆதலின் பூச்சு இடுங்கால் அகன்ற முகத்தைவிட விளிம்புக்கும் துளைக்குமே மிகுந்த கவனம் செலுத்தல் வேண்டும். படகு கட்டுவோர் கையாளும் முறையொன்று இங்கே பயன்படும். வேண்டிய அளவினும் பெரிய துளையிட்டு, அதனை எப்பொட்சிப் பசையால் நிரப்பி, இறுகியபின் நடுவே மீண்டும் துளைப்பர். அப்பொழுது ஆணி மரத்தைத் தொடாது. அதன்வழி வரும் நீரும் மரத்தைச் சேராது. இவ்வேலைகளைத் தளத்தைச் சட்டகத்திற் பொருத்துவதன் முன் செய்தல் வேண்டும். பொருத்தியபின் கை எட்டாது.

மரத்துக்கு நச்சு ஊட்டிவிட்டால் போதாதோ எனின், அதனிலும் டேவி கண்ட சிக்கலே எதிர்ப்படும். ஐக்கிய அமெரிக்காவில் 2004 முதல், வீட்டு வேலைக்கான மரத்திற்கு ஆசனிக்கு கலந்த மருந்துக்குப் பதிலாகச் செப்பு மிகுந்த மருந்துகள் வழக்கில் வந்தன. அவை பங்கசைக் கொல்லும். ஆயின் ஈரமுள்ளபோது, தம்மைத் தொட்டிருக்கும் வெற்றுருக்கையும் அலுமினியத்தையும் அரிக்கும். அத்தகைய பலகையைச் சாதாரண ஆணிகளால் உருக்குச் சட்டகத்தில் முடுக்கினால், பலகை நிலைத்திருக்கும். அதைப் பிடித்திருக்கும் ஆணி மெலியும்.

இனி, நீர் கீழிருந்து மட்டும் வருவதன்று. இச்சிறு அறையில் ஓரிரவு உறங்கும் இருவர் தம் மூச்சாலும் தோலாலும் வெளியிடும் ஈரம் ஏறத்தாழ அரை லீற்றராகும். குளிர்நாட்டில் அவ்வாவி தளத்தினூடே கீழிறங்கிக் குளிர்ந்த பரப்பை அடையும்பொழுது நீராகின்றது. தளத்தின் கீழே உலோகத் தகட்டை இடைவெளியின்றி ஒட்டியிருப்பின் அந்நீர் தகட்டுக்கும் பலகைக்கும் இடையே சிறைப்படும். வெளியே ஒரு துளி நீரும் புகாத வண்டியின் தளமும் உள்ளிருந்து உளுத்துப்போதல் இதனாலேயே.

பூச்சுக்கள்

வீட்டில் வண்டி செய்வோர் தளத்தின் கீழே தார்க்குழம்பு பூசுதல் நெடுநாள் வழக்கு. அது மலிவானது, மரத்தோடு நன்கு ஒட்டுவது, சற்று நெகிழ்வது. ஆயின் நீரிற் கலந்து செய்த குழம்பு முற்றும் உலர நாட்செல்லும், அதன்முன் நனைந்தாற் கரையும். பொலியூரீதேன் போன்ற வன்பூச்சுக்கள் கல்லடியை நன்கு தாங்குவன. ஆனால் துருவின் கனவளவு அது தோன்றிய இரும்பின் கனவளவினும் பெரிது. எனவே ஒரு வடுவின் வழியே புகுந்த துரு பூச்சை உட்புறமிருந்து தள்ளி எழுப்பும். எழும்பிய பூச்சு ஒரு பை போலாகி நீரைத் தேக்கும். வெளிப்பார்வைக்கோ யாவும் செவ்வனே இருப்பதாகத் தோன்றும். ஆதலின் வன்பூச்சை மரத்துக்கும் புதிதாய்ச் சுத்தம் செய்த உருக்குக்கும் இடலாம். ஏற்கெனவே துருப்பிடித்த உருக்கின்மேல் இட்டு மறைத்தலாகாது.

செம்மறியாடுகள் மிகுந்த அவுஸ்திரேலியாவிற் பலர் ஆட்டுமயிரிலிருந்து எடுக்கும் கொழுப்பை அடிப்புறத்திற் பூசுவர். அது இறுகுவதில்லை, இடுக்குகளினுள்ளே ஊர்ந்து நீரை விலக்கும், கீழுள்ளதை மறைக்காது. காலத்துக்குக் காலம் புதுப்பித்தல் வேண்டும் என்பது அதன் குறை. ஆயின் புதுப்பித்தற்காகவேனும் உரிமையாளர் அடிப்புறத்தைப் பார்ப்பாராதலின், அக்குறையையும் ஒருவகையில் நன்மையெனலாம். பிரேக்கின் உராயும் பரப்புகளில் மட்டும் எவ்வகைக் கொழுப்பும் படலாகாது.

மடலும் தகடும்

கல்லைத் தாங்குவதினும் அது வராமற் செய்தல் நன்று. வண்டியைத் தாக்கும் கற்களுட் பெரும்பாலானவை இழுக்கும் காரின் பின்சில்லுகளிலிருந்து எழுவன. அச்சில்லுகளின் பின்னே நிலத்துக்கு அண்மைவரை தொங்கும் இரப்பர் மடல்களும், வண்டியின் முன்தண்டில் நெகிழ்வாகக் கட்டிய வலையும் அவற்றின் விசையைத் தணிக்கும். வலைக்குப் பதிலாக விறைத்த தகடு வைப்பின் கல் தெறித்துத் திரும்பிக் காரின் பின்கண்ணாடியை உடைத்தலும் உண்டு. ரயரின் காற்றைச் சிறிது குறைத்து மெல்ல ஓட்டுதலும் கல்லையும் அதிர்வையும் ஒருங்கே தணிக்கும்.

தகடு வேண்டப்படும் இடங்கள் சிலவே: நீர்த்தொட்டி, வடிகுழாயின் வாய், வில்லைப் பிணிக்கும் ஆணிகளின் கீழ்முனை, ஓடையிலிருந்து ஏறும்பொழுது நிலத்தில் உரசும் பின்முனை. இவற்றின் கீழே மட்டும் தகடு இட்டால் எடையும் கூடாது. அத்தகட்டை விரலளவு இடைவெளிவிட்டு, வடிதுளைகளுடன், கழற்றக்கூடிய ஆணிகளால் பொருத்துதல் வேண்டும். அலுமினியத் தகடாயின் உப்பு ஈரத்தில் உருக்கைத் தொடுமிடத்து அது அரிக்கப்படும். இரண்டுக்குமிடையே நைலோன் வளையம் இடுதல் அவசியம். தடித்த பொலியெதிலீன் தகடு துருப்பிடிப்பதுமில்லை, பாறைமேல் எளிதில் வழுக்கியும் செல்லும்.

பேணுதல்

ஆற்றில் இறங்குமுன் சற்று நிறுத்திச் சில்லுக்குடத்தை ஆறவிடுதல் நன்று. ஓடிச் சூடேறிய குடம் குளிர்ந்த நீரில் அமிழ்ந்தவுடன் உள்ளிருக்கும் காற்றுச் சுருங்கி, நீரை உள்ளே இழுக்கும், மசகும் கெடும். நாட்பயணம் முடிந்ததும் வில்லாணிகளின் இறுக்கத்தைச் சோதித்தல் வேண்டும். உப்பிட்ட சாலையிலிருந்து மீண்டவுடன், சேறு இறுகுமுன், மிகுந்த நன்னீரால் மெல்லக் கழுவுதல் வேண்டும். பேரழுத்தத்தோடு பீச்சினால் சேறு இடுக்குகளுட் புகும். ஆண்டுக்கொருமுறையேனும் கீழே படுத்து, தளத்தைச் சுத்தியற்பிடியாற் தட்டிப் பார்க்கலாம்: நல்ல பலகை கணீரென ஒலிக்கும், உளுத்தது மந்தமாய் ஒலிக்கும். ஆணித்துளைகளின் அருகே ஊசிமுனையால் குத்திப் பார்த்தலும், வடிதுளைகளைக் கம்பியாற் குத்திச் சேறு நீக்கலும் அப்பொழுது செய்யத்தக்கன. பூச்சு எழும்பிய இடத்தை அஞ்சாது உரித்து, உலர்த்தி, மீண்டும் பூசுதல் வேண்டும். எழும்பியதன்மேலே பூசுதல் நோயைப் போர்வையால் மூடுவதை ஒக்கும்.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, நற்காப்பின் இலக்கணம் மூன்றெனலாம்: நீர் புகும் வாயில்களாகிய விளிம்பையும் துளையையும் முன்னரே அடைத்தல், தப்பிப் புகுந்த நீருக்கு வெளியேறும் வழியும், காற்றுக்கு உட்செல்லும் வழியும் விடுதல், எப்பகுதியையும் கழற்றிப் பார்த்துத் திருத்தக்கதாக அமைத்தல். இவற்றுள் முதலாவதை யாவரும் அறிவர். பின்னிரண்டையும் மறப்பதனாலேயே பெரும்பொருள் செலவிட்டுக் காத்த வண்டிகளும் கெடுகின்றன. 370 கிலோமீற்றருக்கு உதவியற்ற சாலையில் செல்வோரின் உயிர், அவ்வண்டியின் மேற்புறத்து மெருகிலன்று, கீழுள்ள சில ஆணிகளிலும் கொளுவிகளிலும் தங்கியிருக்கின்றது. பயணத்தின் முன்னாள் மாலை சிறிது நேரம் நிலத்திற் படுத்து மேல்நோக்கிப் பார்க்கத் துணிவோர், அவ்வுறுதியைத் தம் கண்ணாலேயே அறிந்து புறப்படலாம்.